காடு உனக்கு, நிழல் எனக்கு

யாத்தாயிட்டி
2003 மார்ச் 23

அன்புத் தங்கை நிமியாவுக்கு,

இங்கே எல்லாரும் எழுந்து நடமாடுகிறோம். உன் அத்தான் கிறிஸ்பினுக்கு மட்டும் இடுப்புப் பிடிப்பு. அங்கே உன் உடம்பும் நீ பார்த்துக்கொள்ளும் கிழவியம்மாள் உடம்பும் நலமாக இருக்க காக்குப்பே மாதா துணை செய்யட்டும்.

நீ பேருந்தில் கொடுத்தனுப்பிய பெட்டி வந்தது. கம்பளிச் சட்டை தெயோலிந்தாவுக்கு நாலு விரல் பெரிது. இருந்தாலும் இந்த வெக்கையில் அதைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், "எங்க ஞானத்தாய் அனுப்புனது, பியூனஸ் அயர்ஸ்லேருந்து" என்று காட்டிவிட்டு வந்தாள். நான் கண் எரிய எரியத் தைத்த பாவாடையை அவள் யாருக்கும் காட்டியதில்லை. காலையில் எழுந்ததும் கைகூப்பி ஆசி கேட்பதுகூட முதலில் உன் போட்டோவிடம்தான், பெற்றவள் அப்புறம். ஒன்பது வயதுக்கு எவ்வளவு விவரம் பார். சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். முழுச் சிரிப்பு இல்லை என்றும் வைத்துக்கொள்.

பருத்தி இந்த வருஷமும் கைவிட்டது. நமக்கு வடக்கே சோயா போட்டிருக்கும் பிரேசில்காரன் வால்திர் போன வாரம் நிலம் பார்க்க வந்தான், குத்தகைக்கு. என் ஐந்து ஹெக்டேரையும் மிதியடி மாதிரி மிதித்துக்கொண்டு நடந்தான். ஒரு கட்டியைக் காலால் உதைத்து, "இது களைச்சுப்போன மண்ணு, தோனா சுனில்டா" என்றான். பிறகு உன் காட்டுக்கு முன்னால் போய் நின்றான். கோயிலில் நிற்பதுபோல் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான். அது என் தங்கை பங்கு என்றேன். "உங்க தங்கச்சி குடுத்து வச்சவங்க" என்றான்.

அப்பா பங்கு பிரித்த அன்றைக்கு நீ அழுதது நினைவிருக்கிறதா? வெட்டித் திருத்திய நிலம் அக்காவுக்கு, வெறும் காடு எனக்கா என்று. பன்னிரண்டு வருஷத்தில் என் மண்ணின் எலும்பு தெரிய நான் உழைத்துவிட்டேன். உன் மண் தூங்கியே பணக்காரி ஆகிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். 
உன் அக்கா, 
சுனில்டா


பியூனஸ் அயர்ஸ்
2003 ஏப்ரல் 20, ஈஸ்டர்

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்த்த ஆண்டவர் உன் வீட்டில் எல்லாருக்கும் சுகம் தரட்டும். நான் நலம். அத்தான் இடுப்புக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், சூடாகத் தேய்க்கச் சொல்.

வால்திருக்குக் காட்டைக் கொடுக்காதே. பத்து ஹெக்டேருக்கும் பத்திரம் ஒன்றுதான், அது உன் பெட்டியில்தான் இருக்கிறது. அதனால்தான் சொல்லி வைக்கிறேன். என்றைக்காவது திரும்பி வந்து ஓடைப் பக்கம் ஒரு சின்ன வீடு கட்டுவேன். இந்த ஊரில் ஒன்பது வருஷமாக நான் எழுந்திருப்பது அந்த ஒரு நினைப்பில்தான்.

என் அறை ஏழாவது மாடி. சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கை நீட்டினால் தொடலாம். மத்தியானம் கிழவியம்மாள் தூங்கும்போது நான் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உன் முற்றத்தை நினைப்பேன். பன்னிரண்டு மணிக்குக் காட்டின் நிழல் வந்து உன் வாசல்வரை விழும். அத்தான் குளிர்ந்த தெரெரேயைக் குவளையில் உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நீ மரவள்ளி உரித்துக்கொண்டு அவரைத் திட்டிக்கொண்டிருப்பாய். உனக்கு அது தினமும் நடப்பது.

டிசம்பரில் வழக்கம்போலக் குடிலுக்குக் காவோவேயித் தழை ஒரு கட்டு அனுப்பு. அந்த வாசனை இல்லாமல் எனக்குக் கிறிஸ்துமஸ் இல்லை. காட்டைப் பார்த்துக்கொள், அக்கா. வேறொன்றும் கேட்கவில்லை.

தெயோலிந்தாவுக்கு ஆசி. 
நிமியா


யாத்தாயிட்டி
2003 ஜூன் 29

தங்கை நிமியாவுக்கு,

எல்லாரும் சுகம். தைலம் கிடைத்தது. அத்தான் இடுப்பு தேறி, உன் காட்டுக்கு நடக்கிற அளவுக்கு வந்துவிட்டது. உன் உடம்பு எப்படி?

செவ்வாய்க்கிழமை இங்கே சான் யுவான் திருவிழா. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு கிறிஸ்துமஸுக்குப் போயிற்று. பெத்ரோனா சொல்கிறாள்: "எத்தன வீட்டுல கட்டுனாலும் நிமியா குடில் மாதிரி வராதுடி. அந்தத் தழை வாசனைக்கே பாலன் பொறந்துருவாரு."

நிமியா குடில். அதைக் கட்டுகிறவள் நான். தரைக்குச் செம்மண் பூசுகிறவள் நான், பாளைப் பூ வைத்து, சிப்பா ரொட்டி சுட்டு மாலையாகத் தொங்கவிட்டு, வந்த பிள்ளைகளுக்கெல்லாம் பழச்சாறு கலக்கி ஊற்றுகிறவள் நான். ஒன்பது கிறிஸ்துமஸாக நீ இந்த ஊரிலேயே இல்லை. தழை உன் காட்டில் முளைத்ததால் பெயர் உனக்கு. "அத கட்டுறது நான்தான்" என்றேன். "கட்டுறது நீதான். ஆனா காடு அவளோடதுல்ல" என்றாள்.

இவரும் ஞாயிற்றுக்கிழமையானால் உன் காட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறார். கொசுத்தேனீக் கூட்டுக்குப் பக்கத்தில், மணிக்கணக்காக. கூப்பிட்டால் காது கேட்பதில்லை. இங்கே ஐந்து ஹெக்டேரில் எனக்கு வெயில், ஐந்து ஹெக்டேரில் உனக்குப் பேர். எனக்கு வயிறு எரிகிறது, நிமியா. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உன்னிடமே சொல்கிறேன்.

வடகாற்று இந்த வருஷம் சீக்கிரமே தொடங்கிவிட்டது. வடகாற்று நாளில் புத்தி பிசகிச் செய்ததை நீதிபதிகூடக் கேட்கமாட்டார் என்பார்கள். தலைவலி. நிறுத்துகிறேன்.

மாதா காக்கட்டும். 
சுனில்டா


பியூனஸ் அயர்ஸ்
2003 ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தலைவலி தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்குக் கொஞ்சம் தூக்கம் சரியில்லை, மற்றபடி சுகம். போன வாரம் தொலைபேசியில் நம் பக்கத்துக் குரல் ஒன்று கேட்டேன். அதிலிருந்துதான் இப்படி.

இப்போது லபாச்சோ மரம் பூத்திருக்கும் இல்லையா? எப்படிப் பூத்திருக்கிறது என்று எழுது. ஒன்றும் விடாமல் எழுது.

நிமியா


யாத்தாயிட்டி
2003 செப்டம்பர் 14

தங்கைக்கு,

சுகம். தூக்கத்துக்குச் சீமைச் சாமந்தி போட்டுக் குடி.

லபாச்சோ நன்றாகப் பூத்தது. கீழே தரையெல்லாம் ரோஜா நிறம். சீக்கிரம் உதிர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

தெயோலிந்தாவுக்கு இருமல். எங்கோ சருகு எரிக்கிறார்கள், பத்து நாளாகப் புகை. கூரைக்குப் புதுத் தகடு போட்டிருக்கிறோம், மழைக்கு நல்லது. வேலை தலைக்கு மேல் இருக்கிறது, அதனால் நீளமாக எழுதவில்லை. தப்பாக நினைக்காதே.

சுனில்டா


பியூனஸ் அயர்ஸ்
2003 நவம்பர் 2, இறந்தோர் நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா கல்லறையில் என் பேரிலும் ஒரு மெழுகுத்திரி ஏற்றியிருப்பாய். குழந்தையின் இருமல் நின்றதா?

உன் கடிதம் சின்னதாக இருந்தது. அதனால் நானே கேட்டுவிடுகிறேன். கொசுத்தேனீக் கூடு அதே பொந்தில்தானா? டூக்கான் பறவைகள் விடியலில் வருகின்றனவா? அத்தான் ஞாயிற்றுக்கிழமை உட்காரும் வேரில் இன்னும் உட்காருகிறாரா? பன்னிரண்டு மணிக்கு நிழல் உன் வாசல்வரை வருகிறதா? அந்த நிழலைப் பற்றி எழுது, அக்கா. எனக்கு அதைப் படிக்க ஆசை.

காவோவேயித் தழை ஓடை ஓரத்துச் செடியிலிருந்து வெட்டு. அதற்குத்தான் வாசனை.

நிமியா


பியூனஸ் அயர்ஸ்
2003 டிசம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

பாலன் பிறந்த நாள் வாழ்த்து உங்கள் எல்லாருக்கும். நான் சுகமாக இருக்கிறேன்.

இருபத்திரண்டாம் தேதி கட்டு வந்தது, கடிதம் வரவில்லை. பேருந்து ஓட்டுநரிடம் கேட்டேன். "தழைய மட்டுந்தான் குடுத்தாங்க" என்றார். அறையில் சின்னதாகக் குடில் கட்டினேன். கிழவியம்மாள் மோந்து பார்த்து, "இது எங்கே விளையறது" என்றாள். என் காட்டில் என்றேன்.

ஒன்று கேட்கட்டுமா? அத்தான் எப்போதும் கொடி நாரால்தான் கட்டுவார். இந்தத் தடவை நீல நிற நைலான் கயிறு. காட்டில் கொடி இல்லாமல் போய்விட்டதா என்ன?

உன் குடில் எப்படி வந்தது? ஊர் வந்து பார்த்ததா?

நிமியா


யாத்தாயிட்டி
2004 ஜனவரி 11

தங்கைக்கு,

புது வருஷ வாழ்த்து. நாங்கள் இருக்கிறோம்.

அத்தானுக்குக் கை வேலை இருந்தது, கிடைத்த கயிற்றில் கட்டினேன். குடில் இந்த வருஷம் சின்னதுதான். ஊர் வந்தது, நிற்கவில்லை. பெத்ரோனா மூக்கில் துணியை வைத்துக்கொண்டு, "என்னடி வாசனை இது" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஒரு சமாச்சாரம். பயப்படாதே. தெயோலிந்தா பதினைந்து நாளாக உன் போட்டோவிடம் ஆசி கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைக்காதே. உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துத் தோல் உரிந்திருக்கிறது. ஏதோ பூச்சி. கையைக் கூப்ப முடியவில்லை. போட்டோவுக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போகிறாள். நேற்றைக்கு, "கை சேக்காம கேட்டா ஆசி வருமாம்மா" என்றாள். வரும் என்றேன். நம்பவில்லை.

சுனில்டா


பியூனஸ் அயர்ஸ்
2004 ஜனவரி 25

அக்கா,

பிள்ளை கையால் எதைத் தொட்டாள்? அதை மட்டும் எழுது.

நிமியா


யாத்தாயிட்டி
2004 பிப்ரவரி 8

நிமியா,

நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை. சொல்லிவிடுகிறேன்.

உன் காடு இல்லை. ஜூலையில் போய்விட்டது. வடகாற்று அடித்த ஒரு நாள் நானே வால்திர் வீட்டுக்கு நடந்து போனேன். என் மண்ணும் உன் மண்ணும் சேர்த்து ஐந்து வருஷக் குத்தகைக்குக் கையெழுத்துப் போட்டேன். "தங்கச்சி ஒத்துக்கிட்டாங்களா" என்று கேட்டான். "அவ சொல்லித்தான் வந்தேன்" என்றேன். இரண்டு டிராக்டர், நடுவில் சங்கிலி, மூன்று நாள். லபாச்சோ மட்டும் ஒரே இழுப்பில் வரவில்லை. இவர் மூன்று நாளும் பசுவைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நின்றார். செப்டம்பரில் புகை என்று எழுதினேனே, அது உன் மரம் எரிந்த புகை.

காசுக்காகச் செய்யவில்லை. காசு வந்தது, தகடு வாங்கினேன், இப்போது அந்தத் தகட்டுக்கு அடியில் வெந்துகொண்டிருக்கிறேன். நான் கேட்டது ஒன்றுதான்: உன் பேரைச் சொல்லிக்கொண்டு யாரும் என் வாசலுக்கு வரக்கூடாது. பிள்ளை, புருஷன், ஊர் எல்லாம் உன் பக்கமே சாய்ந்திருந்தது. நீ போய் ஒன்பது வருஷம் ஆகிறது, இங்கே இருக்கிறவள் நான். பொறாமைதான், வேறு பேர் வைக்கத் தெரியவில்லை.

டிசம்பரில் தழை தேடிப் பத்து மைல் அலைந்தேன். கடைசியில் சந்தையில் ஒரே ஒரு கட்டு கிடைத்தது. அதை உனக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி ஆகிவிடும் என்று ஒரு எண்ணம். என் குடிலுக்குத் தழை இல்லை. ஊர் முன்னால் வெறும் கூரையாக விட மனசு வரவில்லை. உன் காடு இருந்த இடத்தில் சோயா இடுப்பளவு நின்றது, பச்சைப்பசேலென்று, குட்டிக் குட்டிக் காயோடு. இலை என்றால் இலைதானே என்று நினைத்தேன். இருபத்து மூன்றாம் தேதி விடியலில் நானும் தெயோலிந்தாவும் போய் வேரோடு பிடுங்கி வந்து மத்தியானம்வரை கட்டினோம். முந்தின நாள் சாயங்காலம் மருந்து அடித்திருக்கிறார்கள். எனக்குக் காய்ப்புக் காய்த்த கை, அரிப்போடு போயிற்று. அவளுக்குப் பிஞ்சுக் கை. சுகாதார நிலையத்து நர்ஸ் கேட்டதற்கும் பூச்சி என்றுதான் சொன்னேன்.

குடிலில் தொங்கவிட்ட சிப்பாவையும் பழத்தையும் இவர் ஒன்றுவிடாமல் பறித்துக் குழியில் போட்டு மூடினார். "இதப் புள்ளைங்க தின்னுருந்தா என்னடி பண்ணுவ" என்றார். இந்த விஷயத்தில் அவர் பேசியது அவ்வளவுதான்.

இன்னொன்றும் கேள். அந்தக் காடுதான் இத்தனை நாள் வால்திர் அடிக்கும் மருந்தை என் வீட்டுக்கு வராமல் தடுத்திருக்கிறது. இப்போது வடகாற்று நேரே வாசலுக்கு வருகிறது. மரவள்ளி இலை சுருண்டு கிடக்கிறது. ஏழு கோழி செத்தது. எதிரிக்குச் சகுனத் தடை ஆகட்டும் என்று மூக்கை அறுத்துக்கொண்டவள் கதைதான். நீ எதிரிகூட இல்லை.

திட்டி எழுது. ஆனால் எழுது.

சுனில்டா


பியூனஸ் அயர்ஸ்
2004 மார்ச் 21

அக்கா,

ஆறு வாரம் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் காரணம் இல்லை. கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

எனக்குத் தெரியும். ஜூலையிலேயே தெரியும்.

நீ கையெழுத்துப் போட்ட மறுநாள் வால்திர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டான். நம்பர் கொடுத்தது அத்தான். நான் வேண்டாம் என்று சொல்வேன் என்று நம்பிக் கொடுத்திருக்கிறார், பாவம். "உங்க அக்கா சரின்னுட்டாங்க. பத்திரத்துல ரெண்டு பேரும் இருக்கீங்க, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லது" என்றான். டிராக்டர் இன்னும் வந்திருக்கவில்லை. வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் காடு நின்றிருக்கும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அக்கா சொன்னா நான் சொன்ன மாதிரிதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பாய். பேர் எனக்கு என்று நீ வயிறு எரிந்தாய். எனக்குப் பத்திரத்தில்தானே காடு இருந்தது? நிழல் முழுக்க உன் முற்றத்தில் விழுந்தது. தேன் உன் பிள்ளை வாயில் விழுந்தது. ஒன்பது வருஷமாக அந்த மரத்தடியில் ஒரு மத்தியானம் நான் உட்கார்ந்ததில்லை. அவ்வளவையும் வைத்துக்கொண்டு, வெயில் மட்டும்தான் எனக்கு என்று நீ எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைப் படித்த வாரத்தில்தான் தொலைபேசி வந்தது. நான் உட்காராத நிழலில் நீயும் உட்கார வேண்டாம் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் நான் கேட்டதெல்லாம் வேண்டுமென்றே கேட்டது. லபாச்சோ, தேனீ, நார், எல்லாம். நீ பொய் எழுதுவாய் என்று தெரிந்து கேட்டேன். ஒவ்வொரு பொய்யும் வர வர எனக்கு இனித்தது. சந்தைத் தழை என்று கயிற்றைப் பார்த்ததுமே தெரியும். தெரிந்தும் உன்னைக் கிள்ளிப் பார்த்தேன்.

பிறகு நம் பிள்ளையின் கையைப் பற்றி எழுதினாய். கூப்ப முடியாத கைக்கு நான் என்ன ஆசி கொடுப்பது? ஆகஸ்டிலேயே, "அக்கா, எனக்குத் தெரியும், நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தோம்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் நீ ஒளித்து வைக்க ஒன்றும் இருந்திருக்காது. சோயாவைப் பிடுங்கிக் குடில் கட்டியிருக்கமாட்டாய்.

கிழவியம்மாள் மகளிடம் சொல்லிவிட்டேன். மே முதல் வாரம் வருகிறேன். வாசலில் நிற்க வைத்துத் திட்டு. உள்ளே விடுவாயா?

நிமியா


யாத்தாயிட்டி
2004 ஏப்ரல் 11, ஈஸ்டர்

நிமியாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் கையிலிருந்த குவளையை முற்றத்தில் எறிந்தேன். இரண்டாம் தரம் சிரிப்பு வந்தது. உலகத்தில் எனக்குச் சமமாக வயிறு எரிய ஒருத்தி இருக்கிறாள், அவளும் என் கூடப் பிறந்தவள். மூன்றாம் தரம் படித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டேன்.

இவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நம்பர் நீங்கதான் குடுத்தீங்களா?"

"ஆமா."

"அவ சரின்னது தெரியுமா?"

"டிராக்டர் வந்தப்பவே தெரிஞ்சுது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அக்கா தங்கச்சி வெவகாரம். நடுவுல நான் எதுக்கு?" என்று பசுவைப் பார்க்கப் போய்விட்டார். இரண்டு பேர் பொய்யையும் மடியில் கட்டிக்கொண்டு இத்தனை மாசம் தெரெரே குடித்திருக்கிறார் மனுஷன். அவர்மேல்தான் இப்போது எனக்குக் கோபம், அது உனக்கும் ஆறுதலாக இருக்கட்டும்.

தெயோலிந்தா கையில் புதுத் தோல் வந்திருக்கிறது, மெல்லிசாக. நேற்று உன் போட்டோவுக்கு முன்னால் விரல் நுனிகளை மட்டும் சேர்த்தாள். "நேர்லயே கேளு, வர்றா" என்றேன். அப்போதிருந்து கம்பளிச் சட்டையைக் கழற்றவில்லை.

குத்தகை முடிய இன்னும் நாலு வருஷம் இருக்கிறது, உன் பக்கம் ஒன்றும் செய்ய முடியாது. எல்லையை ஒட்டி என் பக்கத்தில் பத்தடி அகலம் விடச் சொல்லி வால்திரிடம் சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன். அவன் முணுமுணுத்தான், நான் பிள்ளையின் கையை விரித்துக் காட்டினேன். இவர் ஓடைக்கு அக்கரையிலிருந்து நாற்பது நாற்று பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறார். காவோவேயி, லபாச்சோ, இன்னும் என்னென்னவோ. நீ வந்த பிறகு நடலாம். மருந்து அன்றைக்கே நின்றுவிடாது, தெரியும். மரம் ஆள் உயரம் வர எத்தனை வருஷமோ.

என் மண்ணில், என் கிணற்றுத் தண்ணீரில்தான் அவை வளரப்போகின்றன. அதற்குள் பெத்ரோனா வந்து சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நிமியா வேலியா போடப்போற" என்று கேட்டுவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது, ஒளிக்கமாட்டேன். ஆமாம் என்றேன்.

பேர் உனக்கே இருக்கட்டும். நிழல் என் வாசலில்தான் விழும். வந்து உட்கார்.

உன் அக்கா, 
சுனில்டா